இறகு இழந்த கோழிகள்: ஒரு தோட்டப்புற வரலாறு



லயத்தின் பின்புறத்தில், முதுகு மொட்டையாகி, வால் உதிர்ந்து, கழுத்துத் தோல் சிவப்பாகத் தெரிய நடமாடும் கோழியைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. பார்த்தவுடன் ஆளுக்கொரு தீர்ப்பும் சொல்லிவிடுவோம். "சீக்கு வந்துவிட்டது, அறுத்துவிடு" என்பார் ஒருவர். "கண்ணேறு பட்டிருக்கிறது" என்பார் மற்றொருவர். "பேன்தான், தோட்டத்து மருந்தைக் கொஞ்சம் தெளி" என்று மூன்றாமவர் வந்து நிற்பார். இந்தத் தீர்ப்புகளில் எது சரி, எது தவறு என்பதை மனிதர் எப்போது, எப்படிக் கண்டறிந்தனர்? அந்தக் கதையில் நம் பேரா மாநிலத்துக்கு உள்ள பங்கு என்ன? இவற்றைப் பற்றியதே இன்றைய பேச்சு.

கோழி இறகுக்கும் ஒரு வரலாறா என்று சிலர் கேட்கலாம். தோட்டங்களின் வரலாறு என்று எழுதி வைத்திருப்பதைப் புரட்டினால் எத்தனை ஏக்கர், எத்தனை இறாத்தல், அந்த ஆண்டு கித்தா விலை என்ன என்பதெல்லாம் இருக்கும். லயத்துக்குப் பின்னால் பழைய பலகையும் தகரமும் கொண்டு அடித்த கோழிக்கூடு அதில் இராது. ஆனால் பால்மரம் வெட்டிய கூலி கிராணியின் புத்தகத்தில் ஏறி, கடைக்காரரின் கடன் புத்தகத்தில் இறங்கிய காலத்தில், கோழி ஒன்றுதான் பெண்ணின் கைப்பொருளாக இருந்தது. முட்டை விற்ற காசுக்குக் கணக்குக் கேட்பவர் இல்லை. பிள்ளையின் பள்ளிச் சட்டை அதில் வந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறும் அதில் வந்தது. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலும் அந்தக் கூட்டிலிருந்தே போனது. ஆகவே முட்டையிடக்கூடிய ஒரு கோழியை நோய்க்கோழி என்று தவறாக எண்ணி அறுத்துவிட்டால், அந்த வீட்டில் ஒரு வருமானம் அன்றோடு நின்றுவிடும்.

நம் முன்னோர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்குச் சற்று முன்பும் கப்பலேறி இங்கு வந்தபோது, கோழி அவர்களுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்தது. வீட்டுக் கோழிக்கு மூதாதையான செங்காட்டுக்கோழி பேராவின் மலையடிவாரங்களில் இன்றும் கூவுகிறது. தாய்லாந்தின் நடுப்பகுதியில் பான் நொன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தோர், கி.மு. 1650க்கும் 1250க்கும் இடையில் அங்கே கோழி வீட்டுப் பறவையாகிவிட்டது என்று 2022இல் எழுதினர். நெல்லும் தினையும் விளைந்த இடத்தைத் தேடித்தான் காட்டுக்கோழி மனிதனிடம் வந்தது என்பது அவர்கள் முடிவு. ஆக, கோழி நம்மிடம் வந்ததே தானியத்துக்காக. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காட்டுச் சேவலுக்கு ஒரு பழக்கம் உண்டு. இணை சேரும் பருவம் முடிந்ததும் கழுத்தில் தொங்கும் பொன்னிற இறகுகள் உதிர்ந்து, கறுத்த குட்டை இறகுகள் தோன்றும். சில மாதம் சென்ற பின் மறுபடியும் பொன்னிறம் வரும். அதற்கு நோயும் இல்லை, கண்ணேறும் இல்லை. பழைய சட்டையைக் கழற்றிப் புதியது போடுவதைப் போன்றது அது. வீட்டுக் கோழியும் இதே வழக்கத்தை மறக்கவில்லை. ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறை தலையில் தொடங்கி, கழுத்து, மார்பு, உடம்பு, இறக்கை, வால் என்று வரிசையாக உதிர்த்துப் புதிதாக முளைக்க வைக்கிறது. அந்த இரண்டு மூன்று மாதமும் முட்டை இருக்காது.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். ஆங்கிலேயர் எழுதிய கோழி வளர்ப்புப் புத்தகங்களில் கோழி இலையுதிர் காலத்தில் இறகு உதிர்க்கும் என்று இருக்கும். அவர்கள் நாட்டுக்கு அது சரி. இலண்டனில் கோடையில் 16 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். குளிர்காலத்தில் 8 மணி நேரம்கூட இராது. பகல் குறையத் தொடங்கியதும் பண்ணையில் உள்ள கோழிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உதிர்க்கும். எல்லாம் சேர்ந்து மொட்டையானால் அது பருவம் என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கிவிடும். ஈப்போவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு அரை மணி நேர அளவுதான். இங்கே நம் கோழிக்கு நாள் குறித்துக் கொடுப்பவர் யாரும் இல்லை. ஒன்று தைப்பொங்கலுக்கு உதிர்க்கும். இன்னொன்று தீபாவளிக்கு உதிர்க்கும். மூன்றாவது, குஞ்சுகளைப் பிரித்துவிட்ட கையோடு உதிர்க்கும். பத்துக் கோழிகள் நன்றாக இருக்க ஒன்று மட்டும் மொட்டையாக நின்றால், பார்ப்பவர் மனத்தில் பருவம் என்ற எண்ணம் எப்படி வரும்? நோய் என்றுதான் வரும். தோட்டங்களில் இத்தனை நல்ல கோழிகள் குழம்புச் சட்டிக்குப் போனதற்கு இந்த அரை மணி நேரமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதில் வேடிக்கை என்னவென்றால், நெடுநாள் விடாமல் முட்டையிட்டு, கடைசியில் ஒரேயடியாக இறகைக் கொட்டிவிட்டு அலங்கோலமாக நிற்கும் கோழியே பெரும்பாலும் நல்ல முட்டைக் கோழி. சீக்கிரமாகத் தொடங்கி, இரண்டிரண்டு இறகாக மாதக்கணக்கில் உதிர்த்துக் கொண்டிருப்பது சோம்பேறிக் கோழி. பார்வைக்கு அழகாக இருப்பது இரண்டாவதுதான்.

உதிர்ந்த இறகு திரும்பவும் முளைக்க என்ன வேண்டும்? இறகு என்பது பத்தில் ஒன்பது பங்கு புரதம். சோற்றுப் பருக்கையில் அது மிகக் குறைவு. இந்த இடத்தில், கோழியும் சோறும் சேர்ந்து மனித உயிரைக் காத்த ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போக முடியாது.

1890ஆம் ஆண்டை ஒட்டி, சாவகத்தின் பத்தாவியா நகரில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். கால் மரத்து, வலுவிழந்து, இதயம் நின்று ஆள் இறந்துபோகும் நோய் அது. அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் திடீரென்று கால் விழுந்தது. சில மாதங்களில் தானாகவே குணமாகியும் விட்டது. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தார் சோற்றை வெளிக் கோழிக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். பிறகு தீட்டாத அரிசி போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன. அந்தச் சமையற்காரரின் கண்டிப்பு உலகத்துக்கு எவ்வளவு பெரிய நன்மை செய்தது பாருங்கள்! எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலோ, கிந்தா ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் பெரிபெரியால் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். அவர்கள் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. அதே நாட்டில் தோட்டங்களில் இருந்த தமிழருக்கு அந்நோய் அரிதாகவே கண்டது. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். டாக்டர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து 1907இல் நூலாகவே எழுதினார். அதற்குச் சற்று முன் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் இரண்டு வகை அரிசியையும் இரண்டு பிரிவினருக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலானில் சாலை போட்ட சாவகத் தொழிலாளரிடம் அதையே சோதித்து, 1909இல் முடிவை வெளியிட்டனர். தவிட்டில்தான் மருந்து இருக்கிறது என்பதை அவர்கள் உறுதி செய்தது எதை வைத்து? கோழிகளை வைத்துத்தான்.

அந்தக் கோழிகளுக்குப் போனது கால், இறகு அன்று. ஆயினும் அந்தத் தவிட்டில் இருக்கும் பி வகை உயிர்ச்சத்துகளில் சில இறகுக்கும் இன்றியமையாதவை என்று பிற்காலத்து ஆராய்ச்சி காட்டியது. அவை குறைந்தால் இறகு முரடாகும், ஒடியும், முளைக்கத் தாமதமாகும். புரதம் குறைந்தால் இன்னும் மோசம்: கோழி மற்றக் கோழியின் இறகையே பிடுங்கித் தின்னப் பார்க்கும். சப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, பர்மா அரிசியும் சயாம் அரிசியும் வருவது சுருங்கி, மனிதர்க்கே மரவள்ளிக்கிழங்கு என்றானது. கிழங்கில் மாவு உண்டு. புரதம் இல்லை என்றே சொல்லிவிடலாம். கிழங்குத் தோலை மட்டும் தின்ற கோழிக்கு இறகு எங்கிருந்து வரும்? மனிதர் மேனியே எலும்பும் தோலுமாக இருந்த காலம் அது.

அவிழ்த்துவிட்ட கோழிக்கு மட்டும் அன்றும் ஒரு வழி இருந்தது. பால்மரத்தின் பட்டுப்போன கட்டையைக் கிளறினால் கறையான் கிடைக்கும்; சருகுக்கு அடியில் புழு கிடைக்கும். புரதக் கடை அதுதான். கோழி மேய்ந்து காய்கறிப் பாத்தியைக் கெடுக்கிறது என்று சண்டை வந்து, அதைக் கூட்டிலேயே அடைத்துச் சோறு மட்டும் போட்டவர் வீட்டுக் கோழி, கறையான் தின்ற கோழியைவிட மெதுவாகத்தான் இறகு கட்டும். கருவாட்டுத் தலையை இடித்துத் தவிட்டில் பிசைந்து வைக்கும் பாட்டிமார் இருந்தார்கள். புரதம் என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது, வேலை தெரியும்.

இனிப் பேன். கோழிப்பேன் தன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் மேலேயே கழிக்கிறது. ஆசனவாயைச் சுற்றிலும், இறக்கைக்கு அடியிலும் இறகைப் பிரித்துப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் ஓடும். இறகின் அடியில் ஈர் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். செல் என்று நாம் சொல்லும் பொடியுண்ணி அப்படி அன்று. ஒரு வகைச் செல் பகலில் கூட்டின் விரிசலில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பவர் ஏமாந்து போவார். இரவில் விளக்குடன் கூட்டைப் பார்க்கவேண்டும். இறகின் வேரிலேயே துளைத்து இறகை உதிரவைக்கும் இன்னொரு நுண்ணுண்ணியும் உண்டு. கால் செதிள் தடித்துச் சுண்ணாம்பு பூசியதுபோல ஆக்கும் உண்ணி அதற்கு உறவு.

இவற்றுக்குக் கோழி தானே கண்ட மருத்துவம் மண் குளியல். நம் தாய்மார் அதில் அடுப்புச் சாம்பலைச் சேர்த்தார்கள். பால்மர விறகுச் சாம்பல் லயத்தில் குறைவில்லாமல் கிடைத்தது. பொடி இறகுக்குள் புகுந்து பேனின் உடம்பை உலர்த்திவிடும். நல்ல முறை இது. அமெரிக்காவில் 1920களிலும் 1930களிலும் புகையிலைச் சாரத்தைக் கோழி அடையும் கொம்பில் பூசினார்கள். அதன் ஆவியில் பேன் செத்தது. அளவு மிஞ்சினால் மனிதனுக்கே ஆபத்து. போருக்குப் பின் டி.டி.டி. வந்தது. மலேரியாவை ஒழிக்க அதை வீட்டுச் சுவர்களில் அடித்தார்கள். கொசுவைக் கொல்வது பேனையும் கொல்லும் அல்லவா என்று கோழி மேலும் தூவத் தோன்றியது இயல்பே. ஆனால் அது கொழுப்பில் தங்கும் நஞ்சு. கோழியின் உடம்பில் சேர்ந்து முட்டை மஞ்சளில் இறங்கும். பேன் போயிற்று என்று மகிழ்ந்து, அந்த முட்டையைப் பிள்ளைக்கு அவித்துக் கொடுத்தால் என்ன பயன்?

இதைவிடக் கொடியது புல் மருந்து. போருக்கு முன்னும் அதன் பிறகு பல ஆண்டுகளும் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்கப் பயன்பட்ட சோடியம் ஆர்சனைட் பச்சைப் பாஷாணம். பின்னால் வந்த பாரகுவாட்டை நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்தது 2020இல்தான். புல் மருந்துக்கும் பேனுக்கும் தொடர்பே கிடையாது. "மருந்து" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் நாம் அழைப்பதால் வந்த மயக்கம் அது. தோட்டத்துக் களஞ்சியத்திலிருந்து வரும் எதுவும் கோழிக்கூட்டுக்கு ஆகாது.

பேனும் இல்லை, பருவமும் இல்லை, ஆனால் முதுகு மட்டும் மொட்டை என்றால், சேவலைப் பாருங்கள். அணையும்போது அதன் நகம் பட்டு முதுகிறகு ஒடியும். நான்கு பேட்டுக்கு இரண்டு சேவல் வைத்திருக்கும் வீட்டில் இதைத் தவறாமல் காணலாம். வால் அடியில் மொட்டை என்றால் அது கொத்துச் சண்டையாக இருக்கலாம். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. மேலே உள்ளது எல்லாரையும் கொத்தும். கடைசியில் இருப்பது எல்லாரிடமும் வாங்கும். ஷெல்டெரூப் எப்பே என்ற நார்வே நாட்டவர் சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளில் இதைக் கவனித்து, 1920களின் தொடக்கத்தில் ஆய்வாக வெளியிட்டார். நம் பழைய தோட்டத்தில் துரை, கிராணி, மண்டோர், கங்காணி என்றிருந்த வரிசையை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது!

கொத்துவதைத் தடுக்க 1903இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஆண்ட்ரூ ஜாக்சன் என்பவர் கோழிக்கு மூக்குக்கண்ணாடி செய்து அரசாங்க உரிமையும் பெற்றார். நேயர்கள் சிரிக்கலாம்; உண்மை. பிற்காலப் பண்ணைகள் கண்ணாடியை விட்டுவிட்டு அலகு நுனியையே வெட்டின. இடத்தை அதிகமாக்கினால் பாதிச் சண்டை ஓயும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. இடத்துக்குத்தான் பணம் வேண்டும்.

கழுத்து மட்டும் பிறவியிலேயே மொட்டையாக உள்ள கோழியை, மலாய்க்காரர் ஆயாம் தோகெல் என்பதை, நோய்க்கோழியென்று சந்தையில் ஒதுக்குவார்கள். அது பரம்பரைக் குணம். எந்த மரபணு மாற்றத்தால் அப்படியாகிறது என்று எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் 2011இல் கண்டுபிடித்தார்கள். இறகு குறைவாக இருப்பதால் வெயிலை நன்றாகத் தாங்கும்.

இதுவரை சொன்ன எதிலும் கோழி சாவதற்கு அவசரப்படவில்லை. உண்மையில் அஞ்சவேண்டிய கோழி எது தெரியுமா? இறகு எல்லாம் இருக்கும். ஒன்றுகூட உதிர்ந்திராது. ஆனால் அதைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, மூலையில் குந்தியிருக்கும். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழியும், மூச்சு இழுக்கும், சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். மறுநாள் பார்த்தால் செத்துக்கிடக்கும். நாலைந்து நாளில் லயத்துக் கோழிகளில் பெரும்பாலானவை போய்விடும். தமிழ்நாட்டில் வெள்ளைக்கழிச்சல் என்றும் இராணிக்கெட் என்றும் சொல்லும் நோய் இதுதான்.

1926இல் இந்நோய் சாவகத்திலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகிலும் ஒரே ஆண்டில் தோன்றியது. ஆராய்ந்த டாய்ல் என்பவர், சரியான பெயர் கிடைக்கும் வரை இருக்கட்டும் என்று ஊரின் பெயரையே வைத்தார். அந்தத் தற்காலிகப் பெயர் இன்றளவும் நிலைத்துவிட்டது. இந்தியாவில் இமயமலை அடுக்கில் உள்ள இராணிக்கெட்டில் கண்டதால் அங்கே அந்த ஊர்ப் பெயர். மலாயாவில் முதன்முதலாக இது பதிவானது 1934இல். இடம் நம் பேராவின் வடகோடியில் உள்ள பாரிட் புந்தார். நெல் வயல் சூழ்ந்த ஊர். தானியம் தேடி வந்த பறவைக்கு வந்த பெருஞ்சாவும் நெல்லூரில்தான் முதலில் எழுதப்பட்டது.

1948இல் ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. கோழிக்குத் தடுப்பு மருந்து செய்வது அதன் பணிகளில் ஒன்றாயிற்று. இந்தியாவின் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் 1940களில் பக்குவப்படுத்திய கிருமியைக் கொண்டு செய்த ஊசி மருந்து பல நாடுகளில் பயன்பட்டது. ஆனால் ஊசி போட வேண்டுமானால் கோழியைப் பிடிக்க வேண்டுமே! பண்ணைக் கோழி கூண்டில் நிற்கும். நம் கோழி இரவில் ரம்புத்தான் மரத்தில் ஏறிக்கொள்ளும். மருந்தோ பனிப்பெட்டியை விட்டு எடுத்தால் வெயிலில் கெட்டுவிடும். இருபது கோழி உள்ள வீட்டுக்காக ஆயிரம் கோழிக்கான புட்டியைத் திறப்பவர் யார்? ஆகவே மருந்து கண்டுபிடித்த பிறகும் லயத்துக் கோழிக்கும் கம்பத்துக் கோழிக்கும் அது எட்டாமலே இருந்தது.

1980களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அப்துல் லத்திப் இப்ராகிம், அய்னி இடெரிஸ் ஆகியோரும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்புரோவும் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தனர். குயின்ஸ்லாந்தில் 1960களில் கண்டெடுத்த வி4 என்ற கிருமி கோழிக்குத் தீங்கு செய்யாது. அதிலிருந்து வெப்பத்தைத் தாங்கும் வகையைப் பிரித்தெடுத்து, தீவனத்தின் மேல் பூசிக் கோழிக்கு வைத்தார்கள். தின்ற கோழியிலிருந்து தின்னாத கோழிக்கும் அது ஓரளவு பரவிப் பாதுகாப்புத் தந்தது. மரத்தில் ஏறும் கோழியையும் மாலை நேரத் தீனிக்குக் கீழே வரவழைக்கலாம் என்ற, எந்தத் தோட்டத்துப் பெண்ணும் அறிந்த உண்மையின் மேல் கட்டப்பட்ட முறை அது. பின்பு ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் சிற்றூர்களிலும் இவ்வகை மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தன.

அதற்குள் நம் பக்கத்தில் கித்தா போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. அங்கே கோழிக்கு இடமில்லை. சிறு நிலத்தோடு குடியிருப்பவர்களில் சிலர், முட்டைப் பண்ணைகள் வயதாகிவிட்டது என்று மலிவாகக் கழித்துவிடும் கோழிகளை வாங்கி வருகிறார்கள். கூண்டுக் கம்பியில் உரசிக் கழுத்தும் மார்பும் மொட்டையான கோழிகள் அவை. முதல் வாரம் வெயிலையும் மண்ணையும் கண்டு திகைத்து நிற்கும். கிளறவும் தெரியாது. தனியே இரண்டு வாரம் அடைத்து வைத்து நோயில்லை என்று பார்த்த பிறகே பழைய கோழிகளோடு விடவேண்டும். தவிட்டோடு கருவாட்டுத் தூளும், குளிக்கச் சாம்பல் கலந்த மண்ணும் தரவேண்டும். சில வாரங்களில் கழுத்தில் முள் முள்ளாக நீல நிறக் குருத்துகள் எழும். அவற்றில் இரத்தம் ஓடுகிறது, ஒடிந்தால் ஒழுகும். பிள்ளைகள் தூக்கி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குருத்தின் உறை தானே உடைந்து இறகு விரியும்.